கமராவுக்கு முன்னால் ஒஸ்வால்ட்

என் தம்பி ஒஸ்வால்டின் படம் அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் கிடையாது. மருந்துக் கடைக்காரன் போன் நம்பர் கேட்டால், காய்ச்சலுக்கும் நம்பருக்கும் என்ன சம்பந்தம் என்று சிங்களத்தில் திருப்பிக் கேட்பான். இணையத்தில் பிறந்தநாளைக்கூடப் பொய்யாகத்தான் கொடுப்பான். இந்த ஐயாவின் இரகசியத்தைத் திருட உலகமே காத்துக்கிடக்கிறது என்ற நினைப்பு.

வெள்ளவத்தையில் ஒரு கொம்பனியில் புரோகிராம் எழுதுகிறான். அடுத்தவன் விட்ட பிழையைக் கண்டாலும் ‘இது எங்கட பிழை’ என்றுதான் எழுதுவானாம். தான் எழுதிய சிக்கலான இடங்களுக்கு மேலே, பிறகு வந்து வாசிக்கப்போகிறவரிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு குறிப்பும் வைப்பானாம். நேற்றுச் சேர்ந்த பிள்ளைக்கும் ‘நீங்கள்’, ‘வாங்கோ’தான். முகம் தெரியாத இடத்தில்தான் மரியாதை கூட வேண்டும் என்பது அவன் கட்சி. எனக்கோ கோபம் வந்தால் வாய் நிற்காது. ஒரே வயிற்றில்தான் பிறந்தோமா என்று சந்தேகமாக இருக்கும்.

அந்தக் கொம்பனியில்தான் டெனிஷாவும் வேலை செய்தாள். இரண்டுபேரும் விரும்பினார்கள். குடும்பத்தோடு கனடாவுக்குப் போகிற நாளில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று, சேர்ந்து ஒரு படம். மடையன், மாட்டேன் என்றுவிட்டான். படம் போனில் இருந்தால் ஊர் வாயில் இருக்கிற மாதிரியாம். தன்னை நம்பவில்லையே என்று அவள் அழுதுகொண்டே போனாள். அதோடு கதை நின்றது. நம்பரையும் மாற்றிவிட்டாள்.

ஏழெட்டு வருடமாகிறது. வேலை முடிந்ததும் வெள்ளவத்தை ஸ்டேஷனில் வருகிற ரயிலை விட்டுவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பான் என்று கண்டவர்கள் சொல்வார்கள். நான் கலியாணப் பேச்சை எடுத்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான்.

இந்த வருடம் டெனிஷாவின் சிநேகிதி ஷாமிலாவைக் கொட்டாஞ்சேனைச் சந்தையில் கண்டேன். டெனிஷா இன்னும் கலியாணம் கட்டவில்லையாம். எங்கள் கோயிலின் அந்தோனியார் திருநாளை வருடா வருடம் நேரலையில் பார்க்கிறாளாம். வாங்கப் போன மீனை மறந்து வீட்டுக்கு ஓடிவந்தேன். ஷாமிலாவிடம் அவள் நம்பர் வாங்கித் தரட்டுமா என்று தம்பியிடம் கேட்டேன்.

“அவ தராத நம்பருக்கு எடுக்கிறது மரியாதை இல்லை, அக்கா” என்றான். பிறகு, “நேரலைக் கமராவ எங்க வைப்பினம்?” என்று கேட்டான்.

அன்றைக்கே கோயிலுக்குப் போய் விசாரித்துவந்து சொன்னேன்.

திருநாளன்று புதுச் சட்டை போட்டு, இருக்கிற நாலு மயிரையும் படிய வாரிக்கொண்டு வந்தான். அந்தோனியாரின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிற வாசலில், கமராவுக்கு நேர் எதிரே போய் நின்றான். படமெடுக்கிறார்கள் என்றால் ஆள் இருந்த இடம் தெரியாமல் மறைகிறவன், அன்றைக்கு முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றான். அவள் போகும்போது கொடி மாதிரி இருந்த பொடியன். இப்போது வழுக்கை, கண்ணாடி, தொப்பை. ஆனாலும் என் கண்ணுக்கு மாப்பிள்ளை மாதிரித்தான் தெரிந்தான். அந்தோனியாரே, அவள் பார்க்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, பக்கத்தில் நின்று என் போனில் நேரலையைத் திறந்தேன். திரை நிறைய அவன்தான்.

கீழே ஓடிய செபங்களுக்கும் வாழ்த்துகளுக்கும் நடுவே டெனிஷாவின் பெயர் வந்தது. வாசிக்காமலே போனை அவனிடம் நீட்டினேன். அவன் வாசித்தபிறகுதான் நான் எட்டிப் பார்த்தேன்.

“முன்னுக்கு நிக்கிற அய்யாவைத் தயவுசெய்து கொஞ்சம் விலகச் சொல்லுங்கோ. சொரூபம் தெரியேல்லை.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் பறித்து, இது யாரென்று அவளுக்கு எழுதப்போனேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“வேண்டாம், அக்கா. மரியாதையாத்தானே கேட்டிருக்கிறா.”

விலகி வந்து, கமராவுக்குத் தெரியாதபடி எனக்குப் பின்னால் நின்றான். கொஞ்ச நேரத்தில் போனில் அவளிடமிருந்து இன்னொரு வரி வந்தது.

“நன்றி அய்யா.”