வத்தலோடு காய்ந்த பேட்டரி

ராஜபாளையத்தில் பழைய சாக்கு வாங்கி விற்ற சேக் முகைதீனுக்குத் தொழிலில் ஒரு குறையும் கிடையாது. ஒரு சாக்கைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே அதில் உளுந்து இருந்ததா, பருத்திக்கொட்டை இருந்ததா என்று சொல்லிவிடுவார். ஆனால் மனுஷனுக்கு அதில் திருப்தி இல்லை. தன்னை ஒரு மெக்கானிக் என்று நம்பினார். அவரைத் தவிர வேறு யாரும் அதை நம்பாததுதான் சிக்கல்.

எண்பத்து நாலில் பக்கத்து வீட்டுச் சோலைராஜின் ரேடியோ கரகரத்தது. "கொடுங்க, செத்த நேரத்துல சரி பண்ணித் தாரேன்" என்று வாங்கிப்போனார். திரும்பி வந்த ரேடியோ எந்தப் பக்கம் திருகினாலும் சிங்களம் மட்டுமே பேசியது. சோலைராஜ் மில் ஃபிட்டர், செய்தி கேட்காமல் தூக்கம் வராத ஆள். பாவம், ரொம்ப நாள் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டுத்தான் படுத்தார். அதற்கு அடுத்து சொந்த வீட்டு மிக்ஸி. அவர் கழற்றி மாட்டிய பிறகு போட்டபோது மூடி பறந்தது, தேங்காய்ச் சட்னி மேற்கூரையில் போய் அப்பிக்கொண்டது. வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வரை அங்கேயே இருந்தது.

அவர் கைக்கு வசப்பட்ட ரிப்பேர் ஒன்றே ஒன்றுதான். ரேடியோவுக்கும் டார்ச்சுக்கும் போடுகிற பேட்டரிக்கட்டை சோர்ந்துபோனால் மொட்டைமாடியில் வெயிலில் காயப்போடுவார். காய்ந்த கட்டை இன்னும் இரண்டு நாள் உழைக்கும். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் செய்ததுதான். ஊர் அதை விட்ட பிறகும் அவர் விடவில்லை. ஒருத்தனுக்கு ஒரே ஒரு வித்தை பலித்தால் அதை எப்படி விடுவான்?

தொண்ணூற்றெட்டில் மகள் ஹாஜராவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அபுதாஹிர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் படித்தவர். நிக்காஹ் அன்று காலையில் மனைவி சம்சாத் பேகம் அவருடைய திருப்புளியைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் புதைத்தார்.

"மாப்பிள்ளை சாமான்ல திருப்புளி வைக்க மாட்டேன்னு எனக்குச் சொல்லுங்க."

"வைக்க மாட்டேன்."

"அல்லா மேல சொல்லுங்க."

சொன்னார். வேறு வழியில்லை.

கல்யாணம் முடிந்த சூட்டோடு அபுதாஹிருக்கு மஸ்கட்டில் ஒரு வேலை வந்தது. போனால் ஹாஜராவும் போவாள். வருஷத்துக்கு ஒருமுறைதான் முகம் பார்க்கலாம். சேக் முகைதீனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நேரத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் ஒரு வாத்தியார் வேலை இருப்பதாகத் தெரிந்தது. தானே எழுதிய ஒரு புரோகிராமைக் கல்லூரியில் நேரில் ஓட்டிக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் வேலை, ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே குடித்தனம். நினைத்தால் பஸ் ஏறி மகளைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். சேக் முகைதீன் ஐந்து வேளையும் அதையே துவா கேட்டார்.

அபுதாஹிர் எழுதியது பஸ் நேரம் சொல்லும் புரோகிராம். இருக்கிற ஊரையும் போகிற ஊரையும் தட்டினால் அடுத்த பஸ் எப்போது என்று சொல்லும். அந்த பஸ் அந்த நேரத்துக்கு வருமா என்று மட்டும் சொல்லாது. அது இருந்தது சிங்கப்பூரிலிருந்து சிநேகிதர் கொண்டுவந்து இரவல் கொடுத்த ஒரு லேப்டாப்பில். கல்லூரிக்குப் போகிற நாள் பார்த்து சுற்றுவட்டாரத்து ஊரெல்லாம் பகல் முழுக்கக் கரண்ட் கிடையாது என்று பேப்பரில் போட்டுவிட்டான். அதனால் விருந்துக்கு வந்திருந்த அபுதாஹிர் முந்தின ராத்திரியே மாமனார் வீட்டில் அதைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தார்.

சேக் முகைதீன் விடியலில் சுபுஹுத் தொழுகை முடிந்து வந்தபோது வீடு தூங்கிக்கொண்டிருந்தது. மேஜை மேல் லேப்டாப் இருந்தது. பார்க்கத்தான் பார்த்தார். பக்கவாட்டில் சின்னக் கதவு ஒன்று தெரிந்தது. விரல்தான் பட்டது. கதவு திறந்துகொண்டது, பேட்டரி தானாகவே நழுவிக் கைக்கு வந்துவிட்டது. இதைப் பின்னால் அவர் யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணத் தயாராக இருந்தார். கையில் எடுத்துப் பார்த்தார். சாதாரணக் கட்டைக்கே வெயில் பட்டால் இரண்டு நாள் கூடும் என்றால், செங்கல் மாதிரி இருக்கிற இதற்கு ஒரு வாரமாவது கூடாதா? கல்லூரிக்காரர்கள் முன்னால் பாதியில் அணைந்துபோனால் மகள் மஸ்கட்டுக்கல்லவா போய்விடுவாள்? கதவைப் பழையபடி மூடிவிட்டு மாடி ஏறினார். திருப்புளியைத் தொடவில்லை, ஆகவே வாக்கும் மீறவில்லை.

மாப்பிள்ளை பசியாறிக் கிளம்புவதற்குள் எடுத்து மாட்டிவிடுவதாகத்தான் எண்ணம். அதற்குள் கடை வாசலில் சாக்கு லாரி வந்து நின்றது. இறக்கி, எண்ணி, அடுக்கிவிட்டு அவர் ஓடிவந்தபோது கூடத்தில் கூட்டம் கூடியிருந்தது.

அபுதாஹிர் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தார். லேப்டாப் மூச்சுவிடவில்லை. வேர்த்து விறுவிறுத்து அதைத் தூக்கிப் பார்த்தார்.

"லேசா இருக்கிற மாதிரி இருக்கே."

"சார்ஜ் எறங்குனா வெயிட்டு கொறையத்தான செய்யும்" என்றார், வேடிக்கை பார்க்க வந்த சோலைராஜ். "கரண்டுக்குன்னு ஒரு எடை இருக்குல்ல."

"ராத்திரி பூராம் சார்ஜ் போட்டேனே மாமி!"

"வண்டின்னா தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்" என்று சோலைராஜ் யோசித்தார்.

சம்சாத் பேகம் ஓதி ஊதிப் பார்த்தார். ஹாஜரா முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். சேக் முகைதீன் சத்தமில்லாமல் பின்வாங்கி மாடிக்குப் பாய்ந்தார்.

அங்கே அவர் வைத்த கைப்பிடிச் சுவரில் பேட்டரி இல்லை. மாடி முழுக்கப் பழைய சேலை விரித்து மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள், வீட்டு வேலைக்கு வருகிற வெள்ளத்தாய். மலைக்காற்று பேயாய் வீசியது. சேலை பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் பாரம் வைத்திருந்தாள். மூன்று மூலையில் கல். நாலாவது மூலையில் சிங்கப்பூர் பேட்டரி.

அவர் அதைப் பிடுங்கினார். சேலை எழும்பியது. வத்தலெல்லாம் பறந்து சோலைராஜ் வீட்டு முற்றத்தில் இறங்கியது.

"ஏன் மொதலாளி கல்ல எடுத்தீக?" என்று வெள்ளத்தாய் அலறினாள். "எம்புட்டு வத்தல் போச்சு!"

தும்மிக்கொண்டே பேட்டரியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்கினார்.

"மாப்ளே, நான் ஒரு வட்டம் பாக்கட்டுமா?"

"அய்யோ வேண்டாம்!" கூடத்தில் இருந்த எல்லோருக்கும் ஒரே குரல். சோலைராஜ் எழுந்து குறுக்கே நின்றே விட்டார். "ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், தொட்டுறாதீக. பொறவு இதுவும் சிங்களம் பேசும்."

சேக் முகைதீனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு சாமானுக்கு என்ன கோளாறு என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது இன்றைக்குத்தான். இன்றைக்குப் பார்த்து ஒருத்தரும் விடமாட்டேன் என்கிறார்கள். "எல்லாரும் செத்த நேரம் வெளிய போங்க, ஓதிப் பாக்கேன்" என்றார். "நான் ஓதியாச்சு" என்றார் சம்சாத் பேகம்.

அபுதாஹிர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினார். "இது ஓடாம இனிமே பஸ் ஏறிப் பிரயோஜனமில்ல மாமா. மஸ்கட்டுக்கே வாரேன்னு சொல்லிருதேன்."

ஹாஜரா தன் அத்தாவைத்தான் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்ததைப் பார்த்ததும் அவருக்கு மானமாவது மரியாதையாவது என்று ஆகிவிட்டது. சட்டைக்குள் கைவிட்டுப் பேட்டரியை எடுத்து மருமகன் முன்னால் வைத்தார்.

"நாந்தான் மாப்ளே. நல்லா ஓடட்டும்னு வெயில்ல காயப்போட்டேன்."

சம்சாத் பேகம் ஆரம்பித்தார். அவர் சொன்னதையெல்லாம் எழுதினால் தாள் தாங்காது. அபுதாஹிர் பேட்டரியை வாங்கினார். இடுக்கில் ஒட்டியிருந்த மிளகாய் விதையை ஊதினார், தும்மினார், உள்ளே தள்ளினார், பொத்தானை அமுக்கினார். திரையில் வெளிச்சம் வந்தது. ராஜபாளையம், கிருஷ்ணன்கோவில் என்று தட்டினார். அடுத்த பஸ் கிளம்புகிற நேரம்தான். லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். பஸ் வழக்கம்போல் தாமதமாக வந்ததால் பிடித்தும் விட்டார்.

வேலை கிடைத்தது. அவர் ஓட்டிக் காட்டியபோது குனிந்து பார்த்தவர்களெல்லாம் வரிசையாகத் தும்மினார்கள் என்று ஹாஜரா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு பார்த்துக் குடியேறினார்கள். ஆனால் சேக் முகைதீன் அங்கே போகவில்லை. ஐந்து வேளையும் துவா கேட்டு மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பார்க்கப் போக வெட்கப்பட்டுக்கொண்டு கடையிலேயே கிடந்தார். எந்த முகத்தோடு மருமகன் வீட்டுப் படி ஏறுவது?

ஒரு வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையே போன் போட்டார். "மாமா, வீட்டுல டார்ச் லைட்டு எரிய மாட்டேங்குது. நானும் பாத்துட்டேன், ஒண்ணும் பிடிபடல. நீங்க வந்து பாத்தாத்தான் ஆகும்."

சம்சாத் பேகத்துக்குத் தெரியாமல் அரிசிப் பானைக்குள் கைவிட்டுத் திருப்புளியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

டார்ச்சைக் குலுக்கினார். பின்மூடியைத் திருகித் திறந்தார். உள்ளே கட்டை இல்லை. நிமிர்ந்து மருமகனைப் பார்த்தார். அபுதாஹிர் மும்முரமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே காம்பவுண்டுச் சுவர் மேல் இரண்டு பேட்டரிக்கட்டைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

சேக் முகைதீன் வெளியே போய்ச் செத்த நேரம் சுவரைப் பார்த்தபடி நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சூடாக இருந்த கட்டைகளை எடுத்து வந்து மாட்டி அமுக்கினார். பட்டப்பகலில் டார்ச் பளிச்சென்று எரிந்தது.

"அத்தா சரி பண்ணிட்டாக!" என்று ஹாஜரா அடுப்படியிலிருந்து கத்தினாள்.

"ஒண்ணுமில்ல, சின்னக் கோளாறுதான்" என்றார் சேக் முகைதீன். "வேற எதுவும் கெட்டுக் கெடக்கா மாப்ளே?"