காய்ச்சல் என்று சொல்லி அருவிக்குப் போனோம்

எனக்குப் பொய் சொல்ல வராது. வராத வேலையைச் செய்யப் போய்த்தான் ஒரு நல்ல மனுஷனை நோகடித்தேன்.

நாங்கள் மூன்று பேர், கல்லூரி நாளிலிருந்தே கூட்டாளிகள். வருஷா வருஷம் மழை நின்றதும் செம்பாக்கத்தில் என்னை ஏற்றிக்கொண்டு, பெருங்களத்தூரில் இன்னொரு கூட்டாளியை ஏற்றிக்கொண்டு கார் கிளம்பும். கார் மூன்றாமவனுடையது. மற்றதெல்லாம் பெருங்களத்தூர்க்காரன்தான். எந்த அருவி, எந்த வழி, கூடாரம் போட யாரிடம் அனுமதி வாங்குவது, எல்லாம் அவன் பொறுப்பு. தண்ணீரில் முதலில் இறங்குவதும் அவன்தான். கம்பால் ஆழம் பார்த்துவிட்டு "வாங்கடா" என்று கூப்பிடுவான். அதற்குப் பிறகுதான் நாங்கள் கால் வைப்போம்.

போன ஆடியில் அவனுக்கு நெஞ்சுவலி வந்து இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். மாடிப்படிகூட மெதுவாகத்தான் ஏற வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். அப்படியும் மார்கழி பிறந்ததும், "ஜவ்வாது மலை போலாமா?" என்று கேட்டான். எனக்குப் பகீரென்றது. கார்காரனிடம் பேசினேன்.

"காட்டுல சிக்னலே கெடையாது. ஏதாச்சும் ஆச்சுன்னா அவன் பொண்டாட்டிக்கு யாரு மச்சான் பதில் சொல்றது?" என்றான்.

நியாயமான பயம்தான். அதை அவனிடமே சொல்லியிருக்கலாம். எனக்குத் துப்பில்லை. 'வூட்ல அவளுக்குக் காய்ச்சல் மச்சான், ட்ரிப் கேன்சல்' என்று மெசேஜ் போட்டுவிட்டு, சனிக்கிழமை விடியற்காலையில் நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம். பெருங்களத்தூரைத் தாண்டும்வரை சீட்டில் சரிந்து உட்கார்ந்திருந்தேன். யாரைப் பார்த்துப் பயம்? வெட்கக்கேடு.

மலையில் இரண்டாவது ஓடையைத் தாண்டியதும் எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. வலது பக்கம் இறங்கினோம். பாசியில் கார்காரன் வழுக்கி விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டான். ஒருவழியாக அருவிக்குப் போய்ச் சேர்ந்தால், யார் முதலில் இறங்குவது என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் இருவருமே இறங்கவில்லை. பாறையில் உட்கார்ந்து பிரெட்டைத் தின்றுவிட்டுக் கூடாரத்துக்குத் திரும்பினோம். அங்கே மூன்றாவது ஆள் படுக்கும் இடத்தில் பைகளை வைத்திருந்தோம்.

மறுநாள் போளூருக்கு வந்ததும்தான் போனுக்கு உயிர் வந்தது. மனைவியிடமிருந்து நான்கு தவறிய அழைப்புகள்.

"எனக்கு எப்பங்க காய்ச்சல் வந்துச்சு?" என்றாள், எடுத்த எடுப்பிலேயே.

அடப்பாவி! பொய் சொன்ன நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை. அவள், நாங்கள் மூவரும் போயிருக்கிறோம் என்று நினைத்திருக்கிறாள். சனிக்கிழமை காலையில் அவன் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறான், காய்ச்சல்காரியைப் பார்க்க. கையில் இட்லி கேரியர், ஒரு பை ஆரஞ்சு. எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

"மூச்சு வாங்கிக்கிட்டு நின்னார். 'அண்ணா, நீங்க அவங்களோட போகலையா?'ன்னு கேட்டுட்டேன். எனக்கு இன்னா தெரியும்? தண்ணி வாங்கிக் குடிச்சார். 'ஆபீஸ்ல வேலை வந்துடுச்சும்மா'ன்னு சொல்லிட்டு எறங்கிட்டார்."

அவனிடமிருந்தும் ஒரு மெசேஜ் இருந்தது. சனிக்கிழமை, எங்கள் வீட்டிலிருந்து இறங்கியதும் அனுப்பியிருக்கிறான். 'ரெண்டாவது ஓடை தாண்டினதும் வலது பக்கம் இறங்காதீங்க, வழுக்கும். லெஃப்ட்ல போங்க.' அவ்வளவுதான். திட்டு இல்லை, கேள்வி இல்லை. கார்காரனிடம் காட்டினேன். வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதான். நானும் அழுதேன்.

செம்பாக்கத்துக்குப் போகாமல் நேராக அவன் வீட்டு வாசலில் இறங்கினேன். முட்டி வீங்கியிருந்த கார்காரன் வண்டியிலேயே இருந்துவிட்டான். கதவைத் திறந்தவன், "தண்ணி நல்லா கொட்டுதா?" என்று கேட்டான்.

"மன்னிச்சுடு மச்சான். உனக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னுதான்..."

"தெரியும்டா." நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டான். கோபப்படுவான் என்று காத்திருந்தேன், படவில்லை. "என்னால ஏற முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? சும்மா பேச்சுக்குத்தான் போலாமான்னு ஆரம்பிச்சேன். கெளம்பறப்ப நீங்க கூப்பிடுவீங்க, 'நான் வரலை, நீங்க போய்ட்டு வாங்கடா'ன்னு சொல்லலாம்னு இருந்தேன். அதை என் வாயால சொல்ல விட்டிருக்கலாம் நீ."