பிறக்காத பிள்ளைகளுக்காக, கல்லூரி வாசலில்

கேட்க நேரமில்லாதவர்களிடம், அவர்கள் கேட்க விரும்பாத ஒன்றை, பஸ் வருவதற்குள் சொல்லி முடிப்பதுதான் எங்கள் வேலை. இன்ஷூரன்ஸுக்கு ஆள் பிடித்தவர்களும், வீடு வீடாகப் புத்தகம் விற்றவர்களும், தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டவர்களும் இதைப் படித்தால், அவர்களுக்கு என் கால் வலி சொல்லாமலே புரியும்.

எழுபதுகளின் பிற்பாதி. கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வயிற்றில் இருப்பதும் நம்மைப் போல ஓர் உயிர்தான், அதைக் காப்பாற்ற வேண்டும் என்று எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கில் சிலர் சேர்ந்தோம். திருவனந்தபுரத்துக் கல்லூரிகளில் போய்ப் பேசும் வேலை இரண்டு பேர் தலையில் விழுந்தது. ஒருத்தி நான். நாகர்கோவில்காரி, தம்பானூரில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். இன்னொருவர் தங்கம்மா சேச்சி. நர்ஸாக இருந்து ரிட்டயரானவர். தமிழ் நோயாளிகளோடு பழகிப் பழகி, என்னோடு பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். சனிக்கிழமை எனக்கு அரை நாள். மத்தியானம் சாப்பிட்ட கையோடு இருவரும் நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

எந்தக் கட்சி?

முதல் கல்லூரியின் வாசலிலேயே வாட்ச்மேன் மறித்தார். வள்ளியூர்ப் பக்கத்து மனிதர். கர்ப்பம், குழந்தை என்று நாங்கள் வாயைத் திறந்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. அந்தக் காலத்தில் அந்த வார்த்தைகளோடு வருகிறவர்கள் எல்லாரும் குடும்பக் கட்டுப்பாட்டுக்காரர்கள்தான். ஊர்ச் சுவரெல்லாம் அவர்களுடைய சிவப்பு முக்கோணம். “எனக்கு ஏற்கெனவே ஆபரேஷன் ஆயிட்டும்மா, ஆளை விடுங்க” என்று கும்பிட்டார்.

நாங்கள் அவர்கள் இல்லை, உண்டான குழந்தையைக் கலைக்க வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறோம் என்று சேச்சி பொறுமையாக விளக்கினார். அவர் தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்து, நன்றாக யோசித்தார். கேட்டை மட்டும் திறக்கவில்லை.

“அவுக வேண்டாங்காவ, நீங்க வேணுங்கீய. ரெண்டு பேரும் உக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டு எங்கிட்ட வாங்க.”

கடலைப் பொட்டலம்

உள்ளே விடாததால் வெளியே நின்று கொடுத்தோம். மாணவர்கள் வாங்கினார்கள், நான்கு அடி நடந்தார்கள், போட்டார்கள். ஒரு பையன் என் கண்ணெதிரிலேயே அதைக் கிழித்தான். மழை பெய்து, மிச்சம் கிடந்தவையும் ரோட்டில் ஒட்டிக்கொண்டன. அன்று ராத்திரி ஜெபத்தில் நான் ஆண்டவரிடம் பேசியதைப் பிரார்த்தனை என்று சொல்ல முடியாது. புகார்.

அடுத்த சனிக்கிழமை போனபோது, கிழித்த அதே பையன் மதிலில் சாய்ந்துகொண்டு எங்கள் நோட்டீஸை உன்னிப்பாகப் படித்துக்கொண்டிருந்தான். எனக்குப் புல்லரித்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால், அவன் கையில் இருந்தது கடலைப் பொட்டலம். நாங்கள் விட்டுப்போன ஈரமில்லாத கட்டு ஒன்றை வாசலில் வறுகடலை விற்பவர் எடுத்து வைத்து, வாரம் முழுக்க அதிலேயே மடித்துக் கொடுத்திருக்கிறார். சேச்சி சிரித்த சிரிப்பில் எனக்கும் வருத்தம் போய்விட்டது. கடலைக்காரர் எங்களுக்கு ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“வெறுங்கையில நீட்டினா ஒருத்தனும் படிக்கமாட்டான் டீச்சரே, கடலையைத் தின்னு முடிக்கிறதுவரை வேற என்ன வேலை அவனுக்கு?”

சுபத்ராவின் கேள்வி

ஒரு பெண்கள் கல்லூரியில் மட்டும் கூட்டம் போட அனுமதித்தார்கள். ஹால் நிறைந்திருந்தது. நான் எழுதி வைத்து மனப்பாடம் பண்ணிய மலையாளத்தில் பேசினேன். முடித்ததும் நடு வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பெயர் சுபத்ரா, கரமனை அக்ரஹாரத்துப் பெண், கல்லூரி யூனியனில் பெரிய பேச்சாளி என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. மலையாளத்தில் வேகமாக ஏதோ கேட்டாள். ஹால் முழுக்கக் கை தட்டியது. நான் பதிலுக்கு வார்த்தை தேடித் தடுமாறுவதைப் பார்த்து, நான் தமிழ் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்காகத் தமிழில் இன்னொரு முறை கேட்டாள். கிண்டலாக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல.

நான் சேச்சியைப் பார்த்தேன். சேச்சி நோட்டீஸ் கட்டைப் பார்த்தார். அவள் கேட்டது இதுதான்:

“குழந்தையைக் கலைக்காதேன்னு சொல்றேள், சரி, ஆத்தை விட்டு வெரட்டினா அந்தப் பொண்ணுக்கு யார் சாதம் போடுவா, நீங்களா?”

கஞ்சிப் பாத்திரம்

அந்தக் கேள்வியின் சூடு ஆறுவதற்குள் சரோஜா வந்தாள். சாலைக் கடைத் தெருவில் ஓர் ஓட்டல் சமையல்காரரின் மகள். வாசலில் எங்கள் நோட்டீஸை வாங்கி, கீழே போடாமல் பைக்குள் வைத்தவள். தனக்கு நாள் தள்ளிப்போயிருப்பதைச் சேச்சியிடம் மட்டும் சொன்னாள். நாங்கள் அவளோடு பேசினோம், ஜெபித்தோம். வீட்டில் தெரிந்தால் எங்கே போவது என்று கேட்டாள். தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தோம். இடம் கிடைக்கவில்லை. சில நாள் கழித்து அவள் ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும், கருவைக் கலைத்தாகிவிட்டதாகவும் அவள் தோழி வந்து சொன்னாள்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இந்த வேலையே வேண்டாம் என்று தோன்றியது. சேச்சி அடுக்களையில் பயறு போட்டுக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். “ஆஸ்பத்திரிக்குப் போணும். நீ வருன்னோ?” என்று கேட்டார். நாம் சொன்னதைக் கேட்காதவளிடம் எதற்குப் போக வேண்டும் என்றேன். சேச்சி பாத்திரத்தை மூடித் துணியில் கட்டினார். “அவளுக்கு விசக்கும், மோளே” என்றார். பசிக்குமே என்கிறார். அதற்கு மேல் என்ன பேச?

போனோம். சரோஜா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சேச்சி அவளைத் தூக்கி உட்காரவைத்து ஊட்டினார். நான் அவள் தலையை வாரிப் பின்னிவிட்டேன். கஞ்சியைக் குடித்து முடித்த பிறகுதான் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சேங்க்கா.”

போனக்காட்டு விறகு

அதன் பிறகு நாங்கள் பேசுவதைக் குறைத்துக்கொண்டு அலைந்தோம். பேட்டைப் பக்கம் ஒரு கன்னியர் மடத்தில், பின்கட்டில் பழைய சாமான் போட்டுவைத்திருந்த அறைகளைத் தர மதர் சம்மதித்தார். நாங்களே பெருக்கிச் சுண்ணாம்பு அடித்தோம். முதல் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? சுபத்ராதான். அவளுடைய வகுப்புத் தோழி ஜெயமணி, போனக்காடு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண். கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னவன் வளைகுடாவுக்குப் போய்விட்டான். போனவன் போனவன்தான். “சாதம் போடறோம்னு சொன்னேளாமே, அதான் அழைச்சுண்டு வந்தேன்” என்றாள் சுபத்ரா.

ஜெயமணி தயங்கித் தயங்கிக் கேட்டது ஒன்றுதான்: பிள்ளையைப் பெற்றால் பரீட்சை எழுத முடியுமா? முடியும் என்றார் சேச்சி. “அப்ப பெத்துக்கிடுதேன். ஆனா அம்மாகிட்ட மறைக்க மாட்டேன். நீங்க கூட வாங்க” என்றாள். விதுரா வரை பஸ். அங்கிருந்து தோட்டத்து ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலை ஏறினோம். வழி முழுக்க நான் ஜீப் கம்பியை விடாமல் பிடித்திருந்தேன், வளைவுகளுக்காக மட்டுமல்ல.

கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஜெயமணியின் அம்மா நாங்கள் சொன்னதைக் கேட்டாள். கேட்டு முடித்ததும் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா மூலையில் இருந்த கோடாலியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் ஜெபமாலையைப் பிடித்தேன். வெளியே விறகு பிளக்கும் சத்தம் கேட்டது. அது நிற்கவே இல்லை. மூடுபனி லயத்துக்குள் வந்து, போய், மறுபடி வந்தது. சத்தம் நின்றபோது அவர் வியர்வையும் பனியுமாக வாசற்படியில் நின்றார். எங்களைப் பார்த்து, “சாப்பிட்டியளா?” என்று கேட்டார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

“படிக்கப் போனவ படிச்சு முடி, பிள்ளைய நாங்க பாத்துக்கிடுதோம்.”

வேப்பமரத்தடி

பெண் குழந்தை. மடத்தில் பிறந்து, மதர் உட்பட எல்லாரும் கையை விட்டுக் கீழே இறக்காத குழந்தை. ஜெயமணிக்குப் பரீட்சை வேறொரு கல்லூரியில் போட்டிருந்தார்கள். எங்கள் கஷ்டகாலம், அந்தக் கல்லூரியின் வைஸ் பிரின்சிபால் முன்பு ஒரு தடவை நோட்டீஸோடு எங்களை வளாகத்தைவிட்டே வெளியேற்றியவர். வேறு வழியில்லை. ஜெயமணி உள்ளே எழுத, வேப்பமரத்தடியில் நானும் சேச்சியும் குழந்தையோடு உட்கார்ந்தோம். தன் பரீட்சையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு வந்த சுபத்ரா, குழந்தைக்குக் குடை பிடித்தாள். “உங்க சட்டப் பேச்சு ஒண்ணையும் நான் ஒத்துக்கலைக்கா” என்று அப்போதும் சண்டைக்கு வந்தாள். குடை மட்டும் அசையவில்லை.

குழந்தை வீறிட்டு அழுதது. வராந்தாவில் வைஸ் பிரின்சிபால் தெரிந்தார். எங்களை அடையாளம் கண்டுகொண்டு நேராக இறங்கி வந்தார். அவரும் தமிழர்தான், தக்கலைக்காரர். நான் எழுந்து, இது பரீட்சை எழுதும் பெண்ணின் குழந்தை, பால் கொடுக்கும் நேரம் வரை இருந்துவிட்டுப் போய்விடுவோம் என்று உளறினேன். அவர் குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு விரலை நீட்டினார். அது பிடித்துக்கொண்டது. அழுகை நின்றது. விரலை விடுவிக்க அவருக்கு மனம் வரவில்லை என்பது எங்களுக்கே தெரிந்தது. கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பழைய கண்டிப்புக் குரலை வரவழைத்துக்கொண்டு சொன்னார்:

“இங்க வெயில் படுது, எம் ரூம்ல ஃபேன் இருக்கு, அங்க கொண்டுபோய்ப் படுக்க வையுங்க, ஆனா நோட்டீஸ் ஒண்ணும் உள்ள வரப்பிடாது.”

*

இத்தனை நல்ல மனிதர்களைக் காட்டித் தந்த ஆண்டவருக்கு நான் நன்றி மட்டுமே சொல்ல வேண்டும், என்றாலும் வாசல் வாசலாக நின்று வாங்கிக்கொண்ட இந்த முழங்கால் வலியைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று பார்த்தால், அதற்கும் முழந்தாளிட வேண்டியிருக்கிறது.