வெளியே ஸ்ட்ராபெரி, உள்ளே கேரட்

என் மகள் மிஷின் மாற்றின வாரத்தில் எனக்குப் புரிந்தது கொஞ்சம், புரியாதது நிறைய. புரிந்ததை மட்டும் எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அதனால் புரியாததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் மலையூர் தானா ராத்தாவில் கடைகளுக்குப் பின்பக்கம் அவளுக்கு ஒரு பட்டறை இருக்கிறது. லெம்பா பெர்த்தாம் காய்கறித் தோட்டங்களின் மருந்து பம்பு, புல் வெட்டும் மிஷின், தேயிலைத் தோட்டங்களின் கொழுந்து வெட்டும் மிஷின் எல்லாம் அங்கே பழுது பார்க்க வரும். நான் கொழுந்துக் கூடை சுமந்து அவளைப் படிக்க வைத்தேன். பொம்பளைப் பிள்ளை கையில் கிரீஸா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர்கள் வீட்டு பம்பும் இங்கேதான் வருகிறது. மத்தியானச் சோறு கொண்டு போனால் நான் சாயங்காலம் வரை அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

அவளிடம் முதலில் இருந்த மில்லிங் மிஷின் சின்னது. மேலே கத்தி சுற்றும், கீழே இரும்பைக் கட்டி நகர்த்தினால் வேண்டிய இடத்தில் சீவி எடுக்கும். அதன் கழுத்தில் விரிசல் விட்டது. மலைக்குக் கீழே ஈப்போ டவுனில் மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து பெரிய மிஷின் ஒன்றை வாங்கினாள். அது லோரியில் வந்து இறங்கின அன்று நான் எலுமிச்சம்பழமும் சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு போனேன். ஆட்டுக்கல்லுக்குக்கூடப் பொட்டு வைக்காமல் மாவு ஆட்டினதில்லை நாங்கள். இவ்வளவு பெரிய மிஷினுக்கு எங்கே வைப்பது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். தலை இருந்தது, முகம் இல்லை. தலைக்கு அடியில் கவிழ்த்த கிண்ணம் போல் ஒரு துவாரம். அதுதான் இரும்பைத் தின்கிற வாய் என்று எண்ணி, கட்டைவிரலால் அதற்குள் அழுத்தி ஒரு பொட்டு வைத்தேன். மகள் அப்போது லோரிக்காரனுடன் பேசிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே தேயிலை பேக்டரி மண்டோரும் வந்துவிட்டார். அங்கே மிஷின்களைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். கொழுந்து உருட்டும் மிஷினுக்குப் புதுத் தண்டு ஒன்று கொண்டு வந்தார். தண்டும் சக்கரமும் சேர்ந்து சுற்றுவதற்கு நடுவில் ஒரு இரும்புத் துண்டை அடிப்பார்கள். அது உட்கார நேராக ஒரு பள்ளம் வெட்டித் தரவேண்டும். இத்தனை காலம் இந்த வேலையெல்லாம் ஈப்போவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

"தங்கச்சி, வெள்ளிக்கிழமை எங்க லோரி ஈப்போவுக்கு எறங்குது. அதுக்குள்ள முடிஞ்சா இனிமே எல்லா வேலையும் இங்கயே குடுக்கச் சொல்லி மேனேஜர்கிட்ட நான் பேசுறேன். முடியலன்னா தண்டு லோரியில ஏறிடும். அப்புறம் உங்க பேரை நான் எடுக்க முடியாதுலா" என்றார்.

மகள் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன்: "அதெல்லாம் முடிச்சிடுவா. நீங்க போய்ட்டு வாங்க தம்பி."

அவர் போனபிறகு மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு அர்த்தம் தெரியவில்லை. பெரிய மிஷின் வந்திருக்கிறது, கத்திகள் பெட்டி நிறைய இருக்கின்றன, பிறகு என்ன?

கத்திகள் சேரவில்லை என்றாள். கத்தியைப் பிடித்துக்கொள்ளும் இரும்புப் பிடிகள் எல்லாம் பழைய மிஷினின் துவாரத்துக்குச் செய்தவை. புதிய மிஷினின் துவாரம் வேறு. எனக்கு இது ஏறவில்லை. அதுவும் துவாரம், இதுவும் துவாரம். அதுவும் உள்ளே போகப்போகச் சிறுக்கிறது, இதுவும் சிறுக்கிறது. துணி சுற்றி இறுக்கினால் நிற்காதா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"பழசு கேரட் மாதிரிம்மா. ஒல்லியா, நீளமா சரியும். புதுசு ஸ்ட்ராபெரி மாதிரி. குட்டையா, அகலமா சரியும். ஸ்ட்ராபெரி குழிக்குள்ள கேரட்டை வச்சா ஆடாதா?"

கியா பார்ம் கடைகளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தவள்தான் நான். ஒன்றுக்குள் ஒன்றை வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றினதில்லை. சரி, புதுப் பிடிகள் வாங்கு என்றேன். எல்லாம் வந்து சேர ஒரு மாதம் ஆகுமாம். அதற்குள் பழையவற்றையே ஓட்ட ஒரு வழி இருந்தது. ஈப்போவிலிருந்து பஸ்ஸில் ஒரு உறை வரவழைத்தாள். வெளியே ஸ்ட்ராபெரி, உள்ளே கேரட். உறையை மிஷினுக்குள் வைத்து, பழைய பிடியை உறைக்குள் வைத்து, மிஷின் தலை வழியாக ஒரு நீளக் கம்பியை விட்டு மேலிருந்து திருகி இழுக்க வேண்டும். பழைய கம்பி நீளம் போதவில்லை. புதிதாக ஒன்று கடைந்து செய்தாள். அதிலேயே ஒரு முழுநாள் போய்விட்டது.

மறுநாள் ஒரு வேண்டாத இரும்பில் ஓட்டிப் பார்த்தாள். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. பள்ளமும் என் கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. அவள் அதில் ஒரு துண்டை வைத்து ஆட்டிக் காட்டினாள். பல் விழப்போகிற பிள்ளையின் பல் மாதிரி ஆடியது. கத்தியின் அளவைவிடப் பள்ளம் அகலமாக வந்துவிட்டதாம். ஒரு கத்தி தன்னைவிட அகலமாக எப்படி வெட்டும்? இதை நான் கேட்டேன், நடு ஆடினால் வெட்டும் என்றாள். நடு ஆடுகிற மாதிரி எனக்குத் தெரியவில்லையே என்றேன். முள் வைத்த வட்டக் கருவி ஒன்றைக் கத்தியில் முட்டுக்கொடுத்து, கத்தியைக் கையால் சுற்றினாள். முள் போய்ப் போய் வந்தது. நடு சரியாக இருந்தால் முள் அசையாதாம்.

கழற்றும்போது இன்னொரு குழப்பம். பழைய மிஷினில் கம்பியைத் தளர்த்தினாலும் பிடி விடாது. மேலே சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால்தான் இறங்கும். அந்தப் பழக்கத்தில் அவள் கம்பியைத் தளர்த்திவிட்டுச் சுத்தியலை எடுக்கத் திரும்பினாள். தட்டாமலே உறையும் பிடியும் கத்தியும் ஒன்றாக வந்து கீழே வைத்திருந்த பலகையில் விழுந்தன. இரும்பையே சீவுகிற அளவுக்கு இறுக்கமாக நின்றது, ஒரு திருகு தளர்ந்ததும் பழுத்த பழம் போல விழுகிறதே என்றேன். இந்தச் சரிவு தானாகப் பிடிக்காது, மேலிருந்து இழுத்தால்தான் நிற்கும் என்று அவள் சொன்னாள். நல்லவேளை, கத்தி உடையவில்லை.

உறைதான் கோணல் என்று ஈப்போ கடைக்குப் போன் போட்டாள். எங்கள் சாமானில் கோணல் இல்லை என்று கடைக்காரர் சாதித்தார். மகள் சோறு தின்னவில்லை. வார்த்தை கொடுத்தது நான். அதனால் நானும் தின்னவில்லை, ஆனால் அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் உறையின் வெளிப்பக்கம் முழுதும் மெல்லிசாக நீல மை தடவி, துவாரத்துக்குள் ஏற்றி இறக்கினாள். உறை எங்கெங்கே முட்டுகிறதோ அங்கெல்லாம் மை ஒட்டுமாம். துவாரத்துக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். ஒரு இடத்திலும் அதற்கு எதிர்ப்பக்கத்திலும் மட்டும் மை இருந்தது. மற்ற இடமெல்லாம் வெறுமை. நகத்தால் அந்த ஒரு இடத்தைச் சுரண்டினாள். துரு பிடிக்காமலிருக்க விற்றவர்கள் பூசின மஞ்சள் கிரீஸின் கறை என்று அதுவரை நினைத்திருந்தாளாம். சுரண்டினதை மோந்து பார்த்தாள்.

"இதுக்குள்ள யாரும்மா பொட்டு வச்சது?"

"நான்தான். வேற யாரு வைப்பா?"

அவள் துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைக்க ஆரம்பித்தாள். எனக்குச் சுருக்கென்றது. வெங்காயத் தோல் கனம்கூட இருக்காது அந்தச் சந்தனம். அது போய் இத்தனை பெரிய இரும்பைச் சாய்த்துவிட்டது என்றால் யார் நம்புவார்கள்? பொட்டை அழித்துவிட்டு வெள்ளிக்கிழமையில் மிஷினை ஓட்டுவதும் எனக்கு ஒப்பவில்லை. அதைச் சொன்னேன். அவள் துடைத்து முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "வைம்மா. வெளியில வை. சுத்தாத எடத்துல வை" என்றாள். எது சுற்றும், எது சுற்றாது என்று எனக்கு நிச்சயமில்லை. அவள் விரலால் காட்டின இடத்தில் வைத்தேன்.

தண்டைக் கட்டி அவள் வெட்ட ஆரம்பிக்கும்போதே வாசலில் பேக்டரி லோரி வந்து நின்றது. மண்டோர் இறங்கி வந்தார். வேலை இன்னும் மிஷினில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "மிஷின் பெரிசா வாங்கினா போதுமா தங்கச்சி, ஓட்டப் பழகணும்ல" என்றார். மகள் கத்தியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நான் எழுந்து நின்றேன். "தம்பி, ஓட்டத் தெரியாம இல்ல. மிஷின் வாய்க்குள்ள நான் சந்தனம் வச்சேன். அதுல கத்தி கோணிப்போச்சாம். கண்டுபிடிச்சதும் அவதான். பேசறதா இருந்தா என்கிட்ட பேசுங்க."

மண்டோர் என்னைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், வெளியே நான் வைத்த புதுப் பொட்டைப் பார்த்தார். "சந்தனத்துலயா கோணுச்சு?" என்றார். எனக்கும் அதேதான் புரியவில்லை என்பது வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

கத்தி நின்றது. மகள் பள்ளத்தைத் துடைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். மண்டோர் சட்டைப்பையிலிருந்து அந்த இரும்புத் துண்டை எடுத்துப் பள்ளத்தில் வைத்து அழுத்தினார். பாதிதான் போனது. மறுபடியும் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அவர் மரச்சுத்தியலைக் கேட்டு வாங்கி ஒரு தட்டுத் தட்டினார். துண்டு சமமாக உட்கார்ந்தது. விரலால் ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. லேசில் போகாததுதான் நல்லது என்பது அவர் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

தண்டை அவரும் டிரைவருமாகத் தூக்கி லோரியில் ஏற்றினார்கள். நான் வாசல்வரை போய், லோரி எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டேன்.

"தோட்டத்துக்குத்தான்மா. இதை எறக்கி மாட்டிட்டுத்தான் ஈப்போ" என்றார். ஏறி உட்கார்ந்த பிறகு கதவுக் கண்ணாடியை இறக்கி மகளைக் கூப்பிட்டார். "தங்கச்சி, இன்னொரு உருட்டு மிஷினுக்கும் தண்டு தேஞ்சு கெடக்கு. திங்கக்கெழமை கொண்டாரேன்."

மகள் தலையாட்டினாள். நான் முந்திக்கொண்டு எந்த நாளும் சொல்லவில்லை.