ஏழாம் இலக்கத்தில் ஒருவரும் மீன் பிடிப்பதில்லை

குருநகர் நீக்கிலாப்பிள்ளை தரையில் பொய் சொன்னதாக எவரும் கேள்விப்பட்டதில்லை. கோயில் உண்டியல் பூட்டின் திறப்பு பல வருடங்களாக அவருடைய இடுப்பில்தான் தொங்குகிறது. மீன் நேற்றையது என்றால் நேற்றையது என்று சொல்லித்தான் விற்பார். அந்தக் காரணத்தாலேயே மனைவி சின்னத்தங்கம் அவரைச் சந்தைப் பக்கம் விடுவதில்லை. ஆனால் கடலில் தாம் எங்கே தூண்டில் போட்டார் என்ற ஒரு விடயத்தில் மட்டும் அவர் வாயிலிருந்து உண்மை வந்தது கிடையாது.

இதை அவர் குற்றமாக நினைக்கவில்லை. குருநகரில் ஒருவரும் நினைப்பதில்லை. கரைக்கு வருகிறவனிடம் "எங்கை போனனீர்?" என்று கேட்பது சுகம் விசாரிப்பதைப் போன்றது. தெற்கே போனவன் வடக்கு என்பான். கேட்டவன் தலையாட்டிவிட்டு, வடக்கைத் தவிர்ந்த மூன்று திசைகளையும் யோசித்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். ஒரேயொரு தவக்காலத்தில் மனம் உறுத்தியதால் நீக்கிலாப்பிள்ளை இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தார். கேட்டுக்கொண்டிருந்த சுவாமியாரும் கடற்கரைப் பிள்ளை. அண்ணன்மார் இருவர் கடற்றொழில் செய்பவர்கள். குரலைத் தாழ்த்தி, "அப்ப உண்மையிலை எங்கைதான் போறனீர்?" என்றார். நீக்கிலாப்பிள்ளை முழங்காலில் நின்றபடியே திசையை மாற்றிச் சொன்னார்.

அவர் இவ்வளவு பாதுகாத்தது ஒரு பாரை. பார் என்றால் கடலடியில் கிடக்கும் கற்பாறைத் திட்டு. விளைமீனும் கலவாயும் குடியிருக்கும் இடம். தீவுகளைத் தாண்டித் தெற்கே போய், ஒரு கோயில் முகட்டையும் ஒரு தனிப்பனையையும் ஒன்றின் பின் ஒன்றாக வரும்படி படகைத் திருப்பினால் பார் காலடியில் இருக்கும் என்று தகப்பன் காட்டிக்கொடுத்தார். பனை சண்டையில் போய்விட்டது. பிற்பாடு அங்கே ஒரு தொலைபேசிக் கோபுரம் எழும்பியபோது, தமக்காகவே நட்டிருக்கிறார்கள் என்று அவர் நம்பினார். ஊரெல்லாம் ஜி.பி.எஸ். கருவி வாங்கியபோதும் அவர் வாங்கவில்லை. அது ஞாபகம் வைத்திருக்கும் என்பதே அவருடைய ஆட்சேபனை.

பாரில் நிற்கும்போது தூரத்தில் வேறொரு படகு தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டிவிட்டு எஞ்சினின் மூடியைக் கழற்றுவார். அந்தக் கடலில் அவருடைய எஞ்சின் பழுதாகிக் கிடந்ததைப் பலர் கண்டிருக்கிறார்கள். அதே வட்டாரத்தில் லெனாட்டின் எஞ்சினும் பழுதாகிக் கிடந்ததை அவர் கண்டிருக்கிறார். கட்டி இழுக்கட்டுமா என்று பரிவோடு விசாரித்தும் இருக்கிறார். அதிலிருந்து அவர் எதையும் ஊகிக்கவில்லை. தன் பொய்யைக் காப்பாற்றுவதில் முழுக்கவனமாக இருப்பவனுக்கு மற்றவனுடையதைப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை.

இந்த லெனாட்தான் இப்போது சம்மந்தியாகப் போகிறவர். நீக்கிலாப்பிள்ளையின் ஒரே மகள் ஜெயனிக்கு லெனாட்டின் மகன் எமில்ராஜைப் பேசியிருந்தார்கள். பேசியது பெரியவர்கள், பிள்ளைகள் அதற்கு முதலே தங்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள் என்பது இரண்டு வீட்டுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதே மரியாதை என்பதால் சீதனப் பேச்சு முறைப்படி நடந்தது. வீடு எப்படியும் மகளுக்குத்தான். அதற்கு மேல் ஏதாவது வேண்டுமென்று லெனாட் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லாத நீக்கிலாப்பிள்ளை கதிரையை இழுத்து அருகில் போட்டார்.

"எனக்கு ஒரு இடம் இருக்கு," என்றார் மெல்ல.

"காணியோ?"

"கடலிலை."

லெனாட்டின் பார்வை முகட்டிலிருந்து இறங்கியது. தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளைக்கு மட்டும் இடத்தைக் காட்டுவதென்றும், அதுவரை ஒருவருக்கும் சொல்வதில்லை என்றும் கை கொடுத்துக்கொண்டார்கள். எந்த உறுதிப் பத்திரத்திலும் எழுத முடியாத சொத்து அது. எழுதாததால் நொத்தாரிசுக்கும் ஒன்றும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

திருமணத்துக்குக் கோயிலில் ஓலை வாசித்து அறிவித்தாயிற்று. அந்த நாட்களில்தான் கடலில் காற்றாடிகள் நட்டு மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கான சுற்றாடல் மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. பிரதேச செயலகத்தில் ஒரு பிரதி, நூலகத்தில் ஒரு பிரதி. கருத்துள்ளவர்கள் கருத்துச் சொல்லலாம். கருத்து இல்லாதவர்கள் குருநகரில் இல்லாதபடியால் கடற்றொழிலாளர் சங்கம் ஒரு படத்தை நகல் எடுத்துச் சுவரில் ஒட்டியது. நீல நிறக் கடலில் சிவப்புப் புள்ளிகள், புள்ளிக்கொரு இலக்கம். நீக்கிலாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டாவது தரமும் பார்த்தார். ஏழாம் இலக்கம் பாரின் நெஞ்சில் நின்றது.

படத்தின் கீழே விளக்கம் இருந்தது. மற்ற இடங்களில் தொழில் நடப்பதாகவும், ஏழாம் இலக்கத்தைச் சுற்றிய பகுதியை மட்டும் எவரும் பயன்படுத்துவதில்லை என்று கடற்றொழிலாளர்கள் ஒருமித்த குரலில் உறுதிப்படுத்தியதாகவும், எனவே பாதிப்பு மிகக் குறைவு என்றும் எழுதியிருந்தார்கள்.

அந்தக் குரலில் தமது குரலும் இருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. முந்திய வருடம் கொக்குவில் பக்கத்துப் பெண்பிள்ளை ஒன்று, நிவேதனா என்று பெயர், இதே திட்டத்துக்காக வீடு வீடாக வந்து எங்கே மீன் பிடிக்கிறீர்கள் என்று விசாரித்தது. அவர் தேத்தண்ணீர் கொடுத்து, வாழைப்பழமும் கொடுத்து, மேற்கே ஒரு பெரிய வெறுங்கடலைக் காட்டினார். தெற்கே அந்த மூலையில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, சேறு என்றார். பிள்ளை அதை அப்படியே குறித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனது. படித்தவர்கள் கடல் மனிதர் சொன்னதைக் கேட்பதில்லை என்று சங்கக் கூட்டங்களில் மேசையில் தட்டிப் பேசியவர் அவர். முதல் தடவையாக ஒருத்தி கேட்டிருந்தாள்.

"இப்ப என்ன செய்யப் போறியள்?" என்றாள், சீதனப் பேச்சைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருந்த சின்னத்தங்கம். "மாப்பிள்ளைக்குக் காத்தாடியையே காட்டப் போறியளோ?"

"கூட்டம் வைக்கினம். போய்க் கதைக்கப் போறன்."

"என்னெண்டு?"

அதுதான் சிக்கல். அங்கே தொழில் செய்கிறேன் என்று சொன்னால் காற்றாடி விலகக்கூடும். ஆனால் இடம் ஊருக்கே தெரிந்துவிடும், சீதனம் செத்துவிடும். சொல்லாவிட்டால் இடம் இரகசியமாகவே இருக்கும், கொங்கிறீற்றுக்குக் கீழே.

பங்கு மண்டபத்தில் கூட்டம். முன் மேசையில் நிவேதனா, பக்கத்தில் இரண்டு அதிகாரிகள், சுவரில் பெரிய படம். லெனாட் சம்மந்திக்கென்று பக்கத்துக் கதிரையைத் துவாய் போட்டுப் பிடித்து வைத்திருந்தார். மின்சாரம் வரும், வேலை வரும் என்றெல்லாம் விளக்கிய பின் கருத்துக்கு நேரம் வந்தது. நீக்கிலாப்பிள்ளை எழுந்தார்.

"எனக்கு இதிலை ஆட்சேபனை இருக்கு, பிள்ளை."

"சொல்லுங்கோ ஐயா. எந்தக் காத்தாடி?"

"எல்லாம்தான். அதிலை ஏழு கொஞ்சம் கூட."

"ஏன் ஐயா ஏழு?"

"பறவையள் போறது."

"பறவைக்கு அறிக்கையிலை ஒரு முழு அத்தியாயம் இருக்கு. ஏழுக்கு மேலாலை போறதாய்க் காணேல்லையே."

"அதுகள் இப்பதான் போகத் துவங்கினது."

அவர் கதிரையில் இருந்ததும் லெனாட் எழுந்தார். அவருக்குக் கடலாமைகளைப் பற்றிக் கவலை. விசேடமாக ஏழாம் இலக்கத்துக்கு அருகில் வாழ்வனவற்றைப் பற்றி. அதற்குப் பிறகு பிரவீணன் என்ற இளம் தொழிலாளி ஏழாம் இலக்கத்தடியில் கடற்பசு ஒன்றைக் கண்டதாகச் சத்தியம் பண்ணினான். மற்றொருவர், திருநாளன்று படகில் வருகிறவர்களுக்கு ஏழாவது காற்றாடி கோயில் முகத்தை மறைக்கும் என்றார். இன்னொருவர் இடி விழும் என்றார். அங்கேதான் விழும் என்றார். வாழ்நாளில் ஆமையை இறைச்சியாக மட்டுமே அறிந்த மனிதர்கள் அன்று இயற்கைக்காக உருகினார்கள்.

நிவேதனா பேனையை வைத்தாள்.

"எனக்கு ஒண்டு விளங்கேல்லை. இத்தினை காத்தாடி இருக்கு, எல்லாரும் ஏழைப் பற்றியே கதைக்கிறியள். அங்கை ஆரெண்டாலும் தொழிலுக்குப் போறனீங்களோ?"

லெனாட் தமது செருப்பைப் பார்த்தார். கடற்பசுவைக் கண்டவன் யன்னலைப் பார்த்தான்.

"ஒருதரும் போறேல்லை எண்டால் அது அங்கைதான் நிக்கும். சுத்திவர வள்ளம் வரவும் விடமாட்டினம். பறவை, ஆமை எல்லாத்துக்கும் அறிக்கையிலை மறுமொழி இருக்கு. தொழிலுக்குத்தான் இல்லை, ஏனெண்டால் தொழில் இல்லையெண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள். வேறை கருத்து இல்லாட்டி முடிப்பமோ?"

அவள் கோப்பை மூடப் போனாள். நீக்கிலாப்பிள்ளைக்குத் தகப்பன் நினைவில் வரவில்லை, கடல் நினைவில் வரவில்லை. தையற்காரியிடம் கிடக்கும் ஜெயனியின் வெள்ளைக் கலியாணச் சட்டைதான் வந்தது. ஊரறிந்த இடமாவது அவளுக்கு மிஞ்சட்டும் என்று எழுந்து நின்றார்.

"நான் போறனான்," என்றார்.

எல்லாத் தலையும் திரும்பியது.

"நான்தான் போறனான். அங்கை பார் கிடக்கு. முப்பது வருசமாய் என்ரை சீவியம் அதிலைதான். வேறை ஒருத்தருக்கும் அது தெரியாது."

"ஐயா, நீங்கள்தானே எனக்கு அங்கை சேறெண்டு சொன்னது? தேத்தண்ணியும் தந்து."

"ஓம் பிள்ளை. தேத்தண்ணி உண்மை."

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். சிரிப்பு அடங்குவதற்குள் பக்கத்துக் கதிரை பின்னால் விழுந்தது.

"உது என்ரை இடம் காணும்," என்றார் லெனாட். "என்ரை அப்பன் காட்டின இடம்."

"ரெண்டு பேரும் இருங்கோ அண்ணை," என்றான் பிரவீணன். "உதை முதலிலை பிடிச்சது எங்கடை அப்பு."

"அப்ப கடற்பசு?" என்றாள் நிவேதனா.

"அது பிறகு வந்தது."

அடுத்த சில நிமிடங்களில் மண்டபத்தில் அரைவாசிப்பேர் ஒரே பாரின் தனி உரிமையாளர்களாக எழுந்து நின்றார்கள். இத்தனை காலமும் மறைத்த வாய்கள் இப்போது போட்டிக்குத் திறந்துகொண்டன. ஒருவர் ஐம்பது கிலோ என்றால் அடுத்தவர் நூறு என்றார். நிவேதனா எழுதி முடித்தபோது, அந்தப் பாரில் பிடிபட்ட மீன் பாக்கு நீரிணை முழுவதிலும் உள்ளதைவிடக் கூடிவிட்டது. ஆயினும் எழுதியது எழுதியதுதான். ஏழாம் இலக்கத்தைப் பற்றி மறுபடி ஆராய்வதாக அதிகாரிகள் வாக்களித்தார்கள். எல்லோருக்கும் றோல்ஸும் தேத்தண்ணீரும் வந்தன. ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் சாப்பிட்டார்கள்.

நீக்கிலாப்பிள்ளை தமது றோல்ஸைக் கடிக்காமலே தட்டில் வைத்தார். இடம் தப்பக்கூடும். ஆனால் தமக்கென்று ஓர் இடம் எந்த நாளும் இருந்ததில்லை என்பதும், இல்லாத ஒன்றைத்தான் மகளுக்குச் சீதனமாகப் பேசினார் என்பதும் அவரைப் போட்டு அமுக்கின. வாசலில் லெனாட் தோளைப் பிடித்தார். கலியாணம் குழம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நீக்கிலாப்பிள்ளை மதிலோரம் போனார்.

"சம்மந்தி, எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்லை," என்றார் லெனாட். "என்ரை அப்பன்ரை இடத்தை எனக்கே சீதனமாய்த் தாறார் எண்டு."

"லெனாட், நான் சொல்லுறதைக் கேளும்."

"பொறும். பிறகு இருந்து யோசிச்சன். உம்மைப்போல ஒரு கள்ளன், ஊர் முழுக்க இருக்கேக்கை எழும்பி நிண்டு தன்ரை இடத்தைச் சொல்லுவானோ? செத்தாலும் சொல்லமாட்டீர். அப்ப உது உமக்குப் பெரிசில்லை. சீதன இடம் வேறை, என்ன?"

கடலைப் பற்றி ஆயுளில் ஒரேயொரு உண்மை சொல்லியிருந்தார். அதை நம்புவதற்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை. நீக்கிலாப்பிள்ளை வீதியை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஓம்," என்றார். "கொஞ்சம் மெதுவாய்க் கதையும்."

வீட்டில் சின்னத்தங்கம் முழுவதையும் கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள். "இல்லாத இடத்தையெல்லோ குடுத்திருக்கிறியள்."

"இல்லையெண்டு ஆர் சொன்னது? இன்னும் தேடேல்லை."

கலியாணம் நன்றாக நடந்தது. ஏழாம் இலக்கத்தை வேறிடத்துக்கு மாற்றும்படி பரிந்துரைத்திருப்பதாகச் சங்கத்துக்குக் கடிதமும் வந்தது. அந்த வாரமே மாப்பிள்ளை எமில்ராஜ் சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். "மாமா, போவமோ?"

தீவுகளைத் தாண்டும்வரை நீக்கிலாப்பிள்ளை எஞ்சினோடுதான் பேசிக்கொண்டிருந்தார். எங்கே திருப்புவதென்று அவருக்கே தெரியாது.

"மாமா," என்றான் எமில்ராஜ், "உங்களிட்டை வேறை இடம் ஒண்டும் இல்லை, என்ன?"

மறுப்பதற்கு வாய் திறந்தார். பழக்கம்தான். ஆனால் இவன் கேட்பது திசையை அல்ல என்பதால் பொய்க்குப் பதில் எஞ்சினைத்தான் குறைத்தார்.

"ஜெயனி அப்பவே சொன்னவள். அப்பாட்டை இன்னொரு இடம் இருந்தால் எங்கடை வீட்டுக் கறி உப்பிடி இருக்காதெண்டு."

"தெரிஞ்சுகொண்டோ கட்டினனீர்?"

"நான் பாரைக் கட்டேல்லையே மாமா. திருப்புங்கோ, நேரம் போகுது."

நீக்கிலாப்பிள்ளை தெற்கே திருப்பினார். பாரில் ஏற்கனவே நாலைந்து படகுகள் நின்றன. ஒருவரும் எஞ்சின் மூடியைக் கழற்றியிருக்கவில்லை. அது அவருக்கு என்னவோ ஒழுக்கக்கேடாகவே பட்டது. இருந்தும் விளைமீன் கடித்தது. பெட்டி முக்கால்வாசி நிறைந்தது. அங்கே யாரைக் கண்டோம் என்பதைக் கரையில் சொல்கிற பழக்கம் அந்த நாலைந்து பேருக்கும் இல்லை.

முழங்கால் நோவென்று அன்று தொழிலுக்குப் போகாத லெனாட் இறங்குதுறையில் காத்திருந்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மகனை ஒரு பக்கமாக இழுத்தார். நீக்கிலாப்பிள்ளை குனிந்து, கயிற்றில் இல்லாத சிக்கலை எடுத்தார்.

"எங்கையடா போனனீங்கள்?"

எமில்ராஜ் பெற்ற தகப்பனின் கண்ணை நேரே பார்த்தான். "கிழக்காலை, அப்பா. சும்மா அலைஞ்சதுதான்."

லெனாட்டின் முகம் விரிந்தது. மகனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மேற்கே, தெற்கே, வடக்கே என்று கடலை ஒரு தரம் நிதானமாகப் பார்த்தார். சீதனம் முழுதாகக் கைக்கு வந்துவிட்டது என்பதில் அவருக்கு இனி ஐயமில்லை.

நீக்கிலாப்பிள்ளை பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். "மற்றப் பக்கத்தைப் பிடியும், மகன்," என்றார். மாப்பிள்ளையை அவர் மகன் என்று கூப்பிட்டது அன்றுதான்.