யோசித்துச் சொன்ன பதில்

"உங்க பொண்ணா இருந்தா அனுப்புவீங்களா?"

இரண்டு வாரமாக இந்தக் கேள்வி என் கூடவே இருக்கிறது. என் ஐந்து வயது மகள் மித்ராவுக்குத் தலை பின்னும்போது இருக்கிறது. அடுப்பில் பால் பொங்கும்போது இருக்கிறது. பதில் மட்டும் இன்னும் வரவில்லை.

கேட்டவர் பெயர் தெரசா. எங்கள் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில், வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் புடவைகளை மறுபடி மடித்து அடுக்குவது அவர் வேலை. அவர் ஏன் என்னைக் கேட்டார் என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் ஒரு சேவை கிளப்பில் இருப்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். வருஷ ஆரம்பத்தில் உட்கார்ந்து என்னென்ன செய்யலாம் என்று திட்டம் போடுவோம். கண் பரிசோதனை முகாம், பள்ளிக்கு நோட்டுப் புத்தகம், மரம் நடுவது... போன வருஷம் நட்ட இடத்திலேயே இந்த வருஷமும் நடலாமா என்று பொருளாளர் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. இடம் நிஜமாகவே காலியாகத்தான் இருக்கிறது.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்களுக்கு ஏதாவது தொழில் பயிற்சிக்கு ஏற்பாடு செய்யலாமே?

யார் யோசனை சொல்கிறார்களோ அவர்கள் தலையிலேயே அதைக் கட்டுவது எங்கள் கிளப் வழக்கம். கட்டினார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பயிற்சி மையம் கிடைத்தது. எலெக்ட்ரானிக்ஸ் வேலை சொல்லித் தருகிறார்கள். ஆறு மாதம் அங்கேயே ஹாஸ்டலில் தங்க வேண்டும். முடித்தால் அந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை கிடைக்கும். செலவு கிளப்புடையது.

என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். ஹாஸ்டலை நேரில் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு குளியலறைக்குள்ளும் போய்த் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தேன். அவர்கள் சாப்பாட்டை வாங்கிச் சாப்பிட்டேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து கேட் வரை தெருவிளக்கு எரியுமா என்று டீக்கடையில் விசாரித்தேன். கூட வந்த பொருளாளர், "ஏம்மா, நாம புள்ளைங்களை சேக்க வந்துக்கிறோமா, ரெய்டுக்கு வந்துக்கிறோமா?" என்றார். வார்டன் சிரிக்கவில்லை.

குறை எதுவும் கண்ணில் படவில்லை. மனசு கேட்காமல் இன்னொரு முறையும் போனேன். அப்போதும் படவில்லை.

அடுத்தது பெற்றோர் கூட்டம். எங்கள் தலைவர் பட்டு வியாபாரி. "நீங்களே பேசிடுங்கம்மா. நான் பேசினா யாவாரம் பேசறா மாதிரி இருக்குது. நீங்க பொம்பளப் புள்ளைக்கு அம்மா, நம்புவாங்க" என்றார்.

தயாராகத்தான் போனேன். காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்? போன் வைத்துக்கொள்ளலாமா? பொங்கலுக்கு விடுவார்களா, கிறிஸ்துமஸுக்கு விடுவார்களா? எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அப்பாக்கள் தலையாட்டினார்கள்.

கடையில் சாப்பாட்டு நேரத்துக்கு அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்த தெரசா, பின் வரிசையில் எழுந்து நின்றார். "மேடம், ரூமு, சோறு, பஸ்ஸு எல்லாம் சொன்னீங்க. உங்களுக்கும் பொண்ணு இருக்குதாமே" என்று ஆரம்பித்தார்.

பிறகுதான் அந்தக் கேள்வி.

வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. எவ்வளவு நேரம் இருக்கும்? ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம். அதற்கப்புறம் "கண்டிப்பா அனுப்புவேன்" என்று சொன்னேன். குரல் தேவைக்கு மேல் பெரிதாகவே வந்தது.

தெரசா என்னைப் பார்த்தார். "சரிமா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மேடம் போய் அம்மா வந்துவிட்டதே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் காலை போன் வந்தது. தன் மகள் ஷாலினியின் பெயரை எடுத்துவிடச் சொன்னார்.

தலைவரிடம் சொன்னேன். காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள், இடம் காலியாகப் போகாது, இதற்கெல்லாம் ஏன் முகம் வாடுகிறீர்கள் என்றார். இடத்தைப் பற்றியா நான் கவலைப்பட்டேன்?

அந்த வாரமே ஒரு சாயங்காலம் ஷாலினி வீட்டுக்கு வந்தாள். மித்ரா இட்லியை வைத்துக்கொண்டு அழிச்சாட்டியம் பண்ணிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எங்கம்மா உங்களைத் திட்டலக்கா. நல்லவங்கன்னுதான் சொல்லுது. ஆனா நீங்க யோசிச்சீங்க இல்ல... 'அந்தம்மா வாயி அனுப்புவேன்னுச்சி, மூஞ்சி மாட்டேன்னுச்சி'ன்னு சொல்லுது."

கடையில் அவளுக்கும் வேலைக்குச் சொல்லி வைத்தாகிவிட்டதாம். அடுத்த மாதத்திலிருந்து அம்மா பக்கத்திலேயே நின்று அவளும் புடவை மடிக்க வேண்டும். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. பயிற்சி மையத்தைப் பற்றிச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. பெண்களை ஒரு நாள் அங்கே கூட்டிப்போய்க் காட்டியிருந்தோம்.

"அங்க ஒருத்தி, என் வயசுதான் இருக்கும். குட்டியூண்டு சர்க்யூட் போர்டை மைக்ரோஸ்கோப்புல பாத்துக்கினு இருந்தா. எனக்கும் ஒரு வாட்டி பாக்கக் குடுத்தா. அதையேதான் நெனச்சிக்கினு இருக்கறேன்."

வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட இன்னொரு வாட்டி பேசுங்கக்கா. இந்த வாட்டி யோசிக்காம சொல்லுங்க."

அந்த அக்கா எங்கே போகிறாள் என்று மித்ரா கேட்டாள். நான் இன்னொரு வாய் இட்லியை ஊட்டினேன்.

ஏன் யோசித்தேன்?

பயம் என்றுதான் முதலில் எனக்கே சொல்லிக்கொண்டேன். மழை வரும் என்று மகளை வண்டலூர் ஜூ டூருக்கே அனுப்பாதவள் நான். பயம் என்றால் யாரும் மன்னித்துவிடுவார்கள். ஆனால் அந்த ஒரு மூச்சில் நான் பார்த்தது வேறு. பதினெட்டு வயது மித்ராவைப் பார்த்தேன். ஏதோ ஒரு கல்லூரி வாசலில் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். அந்தப் படத்தில் இந்த ஹாஸ்டல் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. ஒவ்வொரு தாழ்ப்பாளையும் இழுத்துப் பார்த்தவள்தான்... ஒரு தடவைகூட என் மகளை அந்த அறைக்குள் வைத்துப் பார்த்ததில்லை.

தெரசா என் முகத்தில் படித்தது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

யாருக்கு, எங்கே, எப்போது, சிறப்பு விருந்தினர் யார், பேனரில் எத்தனை போட்டோ — திட்டம் போடும்போது இத்தனையும் பேசினோம். இது நம் வீட்டுக்கு வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. மரம் நடும்போது அந்தக் கேள்விக்கு அவசியம் வருவதில்லை. அதனால் பழகாமலே இருந்துவிட்டோம் போல.

சரி, இப்போது என்ன செய்வது? அனுப்புவேன் என்று மறுபடி சொன்னால் அது பொய். மாட்டேன் என்றால், என் பெண்ணுக்கு வேண்டாததை உங்கள் பெண்ணுக்குக் கொண்டுவந்திருக்கிறேன் என்று ஆகிவிடும். கல்லூரிக்கு வழியில்லாத இடத்தில் இது நல்லதுதானே என்று விளக்கலாம். நியாயமான பேச்சுதான். ஆனால் அதை அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? என் கணவர், "அஞ்சு வயசுப் பிள்ளைக்கு இப்பவே எதுக்கு சத்தியம் பண்றே? தெரியலைன்னு சொல்லிட்டு வா" என்கிறார். தெரியவில்லை என்று சொல்கிறவளை நம்பி எந்த அம்மா மகளை அனுப்புவார்?

என் தடுமாற்றம் என் மகளைப் பற்றியது. அதற்கான விலையை ஷாலினி கொடுக்கிறாள். இதுதான் என்னை உறுத்துகிறது.

மாதக் கடைசி வரை அவள் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று மையத்தில் கெஞ்சி வைத்திருக்கிறேன். தெரசாவுக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. அடுத்த செவ்வாய் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியாகிவிட்டது. வாங்க என்று மட்டும் சொன்னார்.

அவரிடம் பொய் சொல்லாமல், ஷாலினியையும் அனுப்பிவைக்கிற மாதிரி ஒரு பேச்சு இருக்கிறதா? வெளியூர் ஹாஸ்டலுக்கு மகளை அனுப்பிய அம்மாக்கள் எழுதுங்கள். மறுத்த அம்மாக்களும் எழுதுங்கள். அப்படிப் போன மகள்கள், போகாமல் நின்றுபோன மகள்கள் யாராவது இதைப் படித்தால்... உங்கள் கடிதத்தைத்தான் முதலில் பிரிப்பேன்.