லேசாகச் சுற்றிய கைப்பிடி

எண்பதுகளின் கடைசியில் ஒரு தை மாதக் காலை. ஆவடிக்கு வெளியே இருந்த சுடும் மைதானத்தில் எங்கள் தொழிற்சாலைக் காவலர்களுக்கு வருடாந்திரத் துப்பாக்கிப் பயிற்சி. டெலிபோன் என் பொறுப்பு. அதைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் அங்கே எவனும் இல்லை. இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

அது பழைய ராணுவ ஃபீல்டு டெலிபோன். சுடுகிற இடத்தில் ஒரு பெட்டி. முன்னூறு கெஜம் தள்ளி, குறிப்பலகைகளுக்குக் கீழே ஆட்கள் பதுங்கும் பள்ளத்தில் இன்னொரு பெட்டி. நடுவே தரையோடு போகும் ஒயர். பேசுவதற்குப் பெட்டிக்குள் பேட்டரி உண்டு. மணி அடிக்க அதுகூட வேண்டாம். பக்கத்திலிருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் அதுவே மின்சாரம் உண்டாக்கி அந்த முனையில் மணி அடிக்கும்.

சுடுகிற ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் நான்கு பேர் பள்ளத்திலிருந்து ஏறி, பலகையில் விழுந்த ஓட்டைகளைக் காகிதம் ஒட்டி அடைப்பார்கள். திரும்ப இறங்கியதும் போனில் சொல்ல வேண்டும். சொன்னால்தான் சுடலாம்.

மூன்றாவது சுற்று முடிந்து கால் மணி நேரமாகியும் போன் வரவில்லை. நான் கைப்பிடியைச் சுற்றினேன். பதில் இல்லை. தூங்குகிறார்களா என்று எரிச்சல். பயிற்சியை நடத்திய அதிகாரி என்னை முறைத்தார். கைப்பிடி கழன்று வருகிற வேகத்தில் மூன்று முறை நீளமாகச் சுற்றினேன்.

"அங்க பேட்டரி தீர்ந்திருக்கும் சார். மணி கேட்டிருக்கும். மூணு தடவை மணி அடிச்சா பதுங்கணும்னு சொல்லி வச்சிருக்கேன். யாரும் வெளிய தெரியல, ஆரம்பிக்கலாம்" என்றேன்.

அதிகாரி தலையசைத்தார். காவலர்கள் படுத்துத் துப்பாக்கியில் குண்டு போட்டார்கள்.

என் பக்கத்தில் முறைக்காகக் காத்திருந்தான் ஓர் அம்பத்தூர்க்காரன். எப்போதும் நக்கல். நான் சுற்றிய மாதிரியே பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றிக் காட்டினான். "இன்னா அண்ணாத்தே, கரும்பு மிஷின் கணக்கா சுத்துனியே, இது காத்தாடி மாறில்ல கீது? காலைல நான் சுத்தசொல்லோ கனமா இருந்துச்சே?"

கையை எடுடா என்று கத்த வாயைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பக்கம் பெட்டி இணைந்திருந்தால் கைப்பிடி கனக்கும். ஒயர் அறுந்திருந்தால் லேசாகச் சுற்றும். எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக்கொடுத்த விஷயம். கோபத்தில் சுற்றிய கைக்கு அது உறைக்கவில்லை. அங்கே மணி அடிக்கவே இல்லை.

"சுடாதீங்க! சுடாதீங்க!"

அதிகாரி துப்பாக்கிகளைக் காலி செய்ய வைத்தார். நான் ஒயரைப் பிடித்துக்கொண்டே ஓடினேன். பாதி வழியில், மேய வந்த எருமையின் காலில் சிக்கி அது அறுந்து கிடந்தது; சுற்றிலும் குளம்புத் தடம். பள்ளத்தில் இறங்காமல், பலகைக்குப் பின்னாலேயே நான்கு பேரும் ஆடிப்போன சட்டத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் பசை வாளியோடு திரும்பி, "இன்னாபா, டீ வந்துச்சா?" என்றான்.



தப்பு என்னுடையது என்று எல்லார் முன்னாலும் அதிகாரியிடம் சொன்னேன். அந்த அம்பத்தூர்க்காரனைக் கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்லை. நான் அப்படிப்பட்ட ஆள் கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு என் டெலிபோனை யார் தொட்டாலும் நான் திட்டியதில்லை.

என் முன்கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் கூப்பிட்டுப் பதில் வராதபோது, எதிராளியைத் திட்டுவதற்கு முன் என் குரல் அவனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வைப்பது, உயிரோடு டீ கேட்ட அந்த ஒரு குரல்தான்.